கணக்கு யாருடையது?
இணையச் சூதாட்டமும் பணம் போகும் வழியும்

(ஜார்ஜ்டவுனில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சூதாட்டத்தைப் பற்றித் தமிழில் பேச வருகிறவர் திருக்குறளின் 94ஆம் அதிகாரத்தில் தொடங்கி, தருமர் நாட்டை இழந்த கதையைத் தொட்டு, சூது கூடாது என்று முடிப்பது வழக்கம். நான் அந்த வழியில் போகவில்லை. சூது கூடாது என்பதில் இந்த அவையில் யாருக்கும் ஐயம் இருக்காது. மேலும், தருமர் ஆடியபோது எதிரே சகுனி உட்கார்ந்திருந்தான். காயை உருட்டியது யார், பொருளை வாரிக்கொண்டது யார் என்று சபை முழுவதற்கும் தெரியும். இன்று கைப்பேசியில் ஆடுகிறவனுக்கு எதிரே யாரும் இல்லை. ஆட்டத்தை நடத்துகிறவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்றுகூட அவனுக்குத் தெரியாது. தெரிவது ஒன்றுதான்: பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கு எண்.

அரசாங்கங்களின் கண்ணில் பட்டதும் அந்த எண்தான். கடந்த இருபது ஆண்டுகளாகப் பல நாடுகளின் சட்டங்கள் ஆட்டத்தைத் துரத்துவதோடு நில்லாமல், ஆட்டத்துக்குப் பணம் போகும் வழியை அடைக்கப் பார்க்கின்றன. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு அந்த வழி கொஞ்சம் பழக்கம். அதை அடைக்கும்போது யார் அகப்படுகிறார்கள், யார் தப்பிக்கிறார்கள் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

பினாங்குக்கும் சூதாட்டப் பணத்துக்கும் உள்ள உறவு பழையது. 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே வந்திறங்கிய சில ஆண்டுகளிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி அபினுக்கும் சாராயத்துக்கும் குத்தகை விட்டதுபோல் சூதாட்டத்துக்கும் விட்டது. ஏலம் எடுத்தவர் கம்பெனிக்குப் பணம் கட்டுவார். ஆடுகிறவர்களிடமிருந்து அதைப் பிடித்துக்கொள்வார். தீவின் நிர்வாகச் செலவுக்கு இந்தக் குத்தகைப் பணம் பெரிய ஆதாரம். பினாங்கில் சூதாட்டக் குத்தகை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டது. சிங்கப்பூரில் ராபிள்ஸ் 1823இல் அதை மூடினார். அவர் கப்பலேறியதும் மறுபடி திறந்துவிட்டார்கள். 1829இல்தான் அது முடிவுக்கு வந்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1912 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் சூதாட்டப் பணம் எங்கே போகிறது என்று யாரும் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. அரசாங்கமே கடைசியில் நின்று வாங்கிக்கொண்டிருந்தது.

பிறகு வந்தது உரிமம் பெற்ற சூதாட்டம். 1864இல் தொடங்கிய நமது பினாங்கு குதிரைப் பந்தய மன்றம் நாட்டிலேயே மூத்தது. பத்து கந்தோங் திடலில் நம் தாத்தாக்கள் பலர் சம்பளத்தைத் தொலைத்திருக்கிறார்கள். 2025இல் அது கடைசிப் பந்தயத்தை ஓட்டி முடித்துக் கதவைச் சாத்தியது. குதிரைகள் போய்விட்டன, பந்தயம் கட்டும் பழக்கம் கையடக்கக் கருவிக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

சட்டம் மட்டும் குடிபெயரவில்லை. இன்றும் நம் நாட்டில் சூதாட்ட வழக்குகளுக்கு அடிப்படை 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டமும் அதே ஆண்டின் பந்தயச் சட்டமும்தான். எலிசபெத் அரசியார் முடிசூட்டிக்கொண்ட ஆண்டு அது. விடுதி என்றால் நான்கு சுவர், ஒரு மேசை, கதவருகே காவலுக்கு ஓர் ஆள் என்றுதான் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள். அந்த விடுதியில் ஆடிப் பிடிபட்டவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விடுதி நடத்துகிறவருக்கு 5,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும். இன்று பினாங்கிலும் பிற இடங்களிலும் போலீசார் உயர்மாடி வீடுகளில் சோதனை போடும்போது கிடைப்பது சில மடிக்கணினிகளும், ஒரு மேசை நிறையக் கைப்பேசிகளும், வாடிக்கையாளருக்குப் பதில் எழுதச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட நான்கைந்து பிள்ளைகளும்தான். அவர்களில் யாரும் முதலாளி இல்லை. பணமும் அங்கே இல்லை.

அப்படியானால் பணம் எப்படிப் போகிறது? தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தெரிந்தவர்கள் தெரியாததுபோல் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆடுகிறவர் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஏஜெண்டுக்குச் செய்தி அனுப்புகிறார். ஏஜெண்ட் ஒரு வங்கிக் கணக்கு எண்ணைத் தருகிறார். கணக்கு ஒரு தனிமனிதரின் பெயரில் இருக்கும். பெரும்பாலும் ஆடுகிறவர் கேள்விப்படாத பெயர். 50 ரிங்கிட் அனுப்பிவிட்டு ரசீதைப் படம்பிடித்துப் போட்டால் ஆட்டக் கணக்கில் 50 புள்ளி ஏறிவிடும். அதை அவர்கள் 'கிரெடிட்' என்கிறார்கள். சில நாளில் அந்தக் கணக்கு எண் மாறிவிடும். சிலர் இ-வால்லட்டில் வாங்குகிறார்கள். சிலர் முன்கட்டணக் கைப்பேசியின் ரீலோட் எண்ணையே காசாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஜெயித்தால், அதுவும் நடக்கும், வேறொரு அந்நியரின் கணக்கிலிருந்து பணம் வந்து விழும்.

வங்கியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது என்ன? முத்து என்பவர் லிம் என்பவருக்கு 50 ரிங்கிட் அனுப்பினார். அவ்வளவுதான். மீன் வாங்கிய காசாக இருக்கலாம், கைமாற்றைத் திருப்பியதாக இருக்கலாம், கல்யாண மொய்யாகவும் இருக்கலாம். 2018 முதல் நம் நாட்டில் 5,000 ரிங்கிட் வரையிலான உடனடிப் பணமாற்றத்துக்குத் தனிமனிதரிடம் கட்டணம் வாங்குவதில்லை. அதே ஆண்டின் இறுதியில் உடனடிப் பணமாற்றச் சேவையான டூயிட்நவ் வந்தது. சிறு வியாபாரிக்கு அது பெரிய வரம். நாசி கண்டார் கடையில் இன்று எத்தனை பேர் சில்லறை எண்ணுகிறார்கள்? அதே வரம் சூதாட்ட ஏஜெண்டுக்கும் கிடைத்தது. நேற்றுவரை 50 ரிங்கிட் வசூலிக்க ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. இன்று செலவே இல்லை.

கடன் அட்டையில் நிலைமை வேறு. அட்டையை ஏற்கும் ஒவ்வொரு கடைக்கும் அது என்ன வியாபாரம் என்று சொல்லும் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. சூதாட்டத்துக்கு உரியது 7995. அந்த எண் வந்தால் மறுத்துவிடு என்று வங்கியின் கணினிக்கு ஒரு வரி எழுதினால் போதும். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் கடன் அட்டை விதிகளில் இதைத் தெளிவாக வைத்திருக்கிறது: சட்டவிரோத இணையப் பந்தயம் போன்றவற்றுக்கு அட்டையைப் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தியது தெரிந்தால் அட்டையை உடனே ரத்து செய்ய வேண்டும். உங்கள் அட்டை ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் இது இருக்கும். யாரும் படிப்பதில்லை, நானும் சேவையில் சேரும்வரை படித்ததில்லை.

இந்த நான்கு இலக்க எண்ணை வைத்துத்தான் அமெரிக்கா 2006இல் களத்தில் இறங்கியது. சட்டவிரோத இணையச் சூதாட்ட அமலாக்கச் சட்டம் என்பது அதன் பெயர். அதிபர் ஜார்ஜ் புஷ் அக்டோபர் 13 அன்று கையெழுத்திட்டார். துறைமுகப் பாதுகாப்பு மசோதாவோடு ஒட்டிவைத்து அதை நிறைவேற்றினார்கள். துறைமுகத்துக்கும் சீட்டாட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தச் சட்டம் ஆடுகிறவரைத் தொடவில்லை. சூதாட்ட நிறுவனம் பணம் வாங்குவதைக் குற்றமாக்கி, அந்தப் பணத்தை அடையாளம் கண்டு மறிக்கும் ஏற்பாட்டை வங்கிகளும் அட்டை நிறுவனங்களும் செய்ய வேண்டும் என்றது. சில மாதங்களில், ஐல் ஆஃப் மேன் தீவைத் தலைமையிடமாகக் கொண்ட நெட்டெல்லர் என்ற பணப்பரிமாற்ற நிறுவனத்தை நிறுவியவர்கள் 2007 ஜனவரியில் அமெரிக்காவில் கைதானார்கள். அந்த நிறுவனம் 13 கோடியே 60 லட்சம் டாலரை அரசிடம் இழந்து, அமெரிக்கச் சந்தையை விட்டே போய்விட்டது.

அடைப்பு பலித்ததா? 2011 ஏப்ரல் 15 அன்று நியூயார்க் அரசு வழக்கறிஞர்கள் மூன்று பெரிய போக்கர் நிறுவனங்களோடு தொடர்புடைய 11 பேர் மீதான குற்றப்பத்திரிகையை வெளியிட்டபோது பதில் தெரிந்தது. சூதாட்டப் பணம் நின்றிருக்கவில்லை; பெயரை மாற்றிக்கொண்டிருந்தது. நகைக் கடை, கோல்ஃப் பந்துக் கடை என்று பொய்யாக நிறுவனங்களைப் பதிந்து, போக்கருக்கு வந்த பணத்தை நகைக்கும் கோல்ஃப் பந்துக்கும் வந்ததாக வங்கிகளுக்குக் காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. யூட்டா மாநிலத்தில் நொடிந்துபோகும் நிலையில் இருந்த ஒரு சிறு வங்கியில் முதலீடு செய்வதாகச் சொல்லி, அதற்கு ஈடாக இந்தப் பணத்தைக் கையாள வைத்தார்கள் என்றும் அதில் இருந்தது. அந்த வங்கி அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது.

இனி தமிழ்நாட்டுக்கு வருகிறேன். அங்கே இணைய ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்தபோது, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2022இல் ஒரு குழு அமைத்தார்கள். அதன் அறிக்கையின் பேரில் வந்த சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்ற, ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற வாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. செய்தித்தாள்கள் அதையே எழுதின. வங்கிகளும் பணப்பரிமாற்ற நிறுவனங்களும் இணையச் சூதாட்டத்துக்குப் பணம் செல்ல உதவக்கூடாது என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருப்பதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பிரிவு அதுதான்.

2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இரண்டே நாளில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 20ஆம் தேதி மக்களவை, 21ஆம் தேதி மாநிலங்களவை, 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது. அதற்குப் பணம் அனுப்ப உதவும் வங்கி, பணப்பரிமாற்ற நிறுவனம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. சட்டம் நடைமுறைக்கு வரும் தேதியைக்கூட அப்போது அறிவித்திருக்கவில்லை, அதற்குள் பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் பதித்திருந்த டிரீம்11 விலகிக்கொண்டது; அடுத்த மாதம் ஆசியக் கோப்பையில் அணி விளம்பரதாரர் பெயரில்லாத சட்டையோடு ஆடியது.

அமெரிக்காவில் ஐந்து ஆண்டு ஓடி ஒளிந்தார்கள், இந்தியாவில் இரண்டு நாளில் கடையைக் கட்டினார்கள். ஏன் இந்த வேறுபாடு? இந்திய நிறுவனங்கள் பெயரோடும் முகவரியோடும் வரிக் கணக்கோடும் இயங்கியவை. அவற்றின் பணம் பதிவுபெற்ற வழியில் போனது. வழியை அடைப்பேன் என்று சொன்னதுமே அவற்றுக்கு மூச்சு நின்றுவிட்டது. வெளிநாட்டிலிருந்து யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு வழியாக வசூலிக்கும் பந்தயத் தளங்களுக்கு அதே சட்டம் அவ்வளவு பெரிய அதிர்ச்சி அல்ல. அவர்கள் முன்பும் ஒளிந்துதான் வசூலித்தார்கள். பிலிப்பீன்சில் மத்திய வங்கி 2025 ஆகஸ்டில் ஜிகேஷ், மாயா போன்ற இ-வால்லட்டுகளிலிருந்து சூதாட்ட இணைப்புகளை 48 மணி நேரத்தில் நீக்கச் சொன்னது, நீக்கினார்கள். அங்கேயும் உரிமம் பெற்ற ஆட்டங்கள் இருந்ததால்தான் ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது.

மலேசியாவில் உரிமம் பெற்றவற்றில் முக்கியமானவை கெந்திங் மலையும் நம்பர் கடைகளும். கெடாவில் 2023 தொடக்கத்தில் நம்பர் கடை உரிமங்களைப் புதுப்பிப்பதை நிறுத்தினார்கள். இணையத்தில் நடப்பதெல்லாம் இரண்டாம் வகை: பெயரில்லாதவன் நடத்துவது. ஆகவே நம் நாட்டில் பணவழியை அடைக்கும் முயற்சி எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில் போய் நிற்கிறது. அந்த இடம் தன் கணக்கை வாடகைக்கு விட்டவர்.

மலாயில் 'அகாவுன் கெல்டாய்' என்கிறார்கள். நம் பத்திரிகைகள் கழுதைக் கணக்கு என்று எழுதுகின்றன. பள்ளி முடித்து வேலை தேடும் பையன், வேலையிழந்த தொழிற்சாலைப் பெண், ஆலோங் எனப்படும் கந்துவட்டிக்காரரிடம் கடன்பட்டுத் திருப்ப முடியாமல் மாட்டிக்கொண்டவர் என்று எல்லாரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். 'வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்' என்று பேஸ்புக்கில் விளம்பரமே வரும். ஆலோங் கடனுக்கு ஈடாகவே அட்டையைப் பிடுங்கிக்கொள்வதும் உண்டு. செபராங் பிறையிலிருந்து வந்த அப்படிப்பட்ட ஒரு பையனின் தாயாரோடு நான் வங்கியில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். மகன் தவறு செய்தான் என்பதே அவருக்குப் புரியவில்லை. 'அட்டையைத்தானே கொடுத்தான், காசைத் தொடவில்லையே' என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

முன்பு இத்தகையவர்கள் மீது தண்டனைச் சட்டத் தொகுப்பின் பொதுப் பிரிவுகளின் கீழோ, 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின் கீழோ வழக்குப் போடுவார்கள். 2024இல் தண்டனைச் சட்டத் தொகுப்பைத் திருத்தி, தன் கணக்கைப் பிறர் ஆள விடுவதையும் பிறர் கணக்கைத் தகுந்த அதிகாரமின்றி வைத்திருப்பதையும் தனிக் குற்றங்களாக்கிவிட்டார்கள். சந்தேகக் கணக்கை முடக்கும் அதிகாரமும் கூடியிருக்கிறது. மோசடிக்கு ஆளாகிறவர்களை நினைத்தால் இது தேவையான சட்டம்தான். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் நீதிமன்றத்துக்கு வருகிற வரிசையைப் பாருங்கள். கணக்கை 500, 1,000 ரிங்கிட்டுக்கு விட்டவர் வருகிறார். அந்தக் கணக்கு வழியாக வசூலித்தவர் வருவது அபூர்வம். அந்தக் கணக்கில் நாள்தோறும் நடந்ததைப் பார்த்தும் பேசாமல் இருந்த நிறுவனம் வருவதே இல்லை.

வங்கிக்குத் தெரியாதா? இருபது வயதுப் பையனின் சேமிப்புக் கணக்கில் ஒரே நாளில் முன்பின் தொடர்பில்லாத நூறு பேரிடமிருந்து இருபதும் ஐம்பதுமாகப் பணம் வருகிறது. நள்ளிரவுக்குப் பிறகும் வருகிறது. வந்த சில நிமிடங்களில் துடைத்தெடுத்து வேறு கணக்குக்குப் போகிறது. இப்படிப்பட்ட நடமாட்டம் மீன்காரருக்கும் இருக்காது, மொய் வாங்கிய மணமகனுக்கும் இருக்காது. அனுப்புகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று முதலில் சொன்னேன். வாங்குகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். 2022இல் மோசடிகள் பெருகியபோது, குறுஞ்செய்தி வழி வரும் ஒருமுறைக் கடவுஎண்ணைக் கைவிடு, முதல்முறைப் பதிவுக்குக் காத்திருப்பு நேரம் வை என்று பேங்க் நெகாரா சொன்னதை எல்லா வங்கிகளும் செய்துகாட்டின. முடியாது என்று யாரும் சொல்லவில்லை. அதே மனம் இதற்கும் வர வேண்டும். இத்தகைய கணக்கைக் கண்டும் விட்டுவைத்த வங்கிக்கும் இ-வால்லட்டுக்கும் அபராதம் விழ வேண்டும். சிங்கப்பூர் 2015இல் நடைமுறைப்படுத்திய தொலைவழிச் சூதாட்டச் சட்டத்திலேயே பணவழியை மறிக்க உத்தரவிடும் அதிகாரத்தைச் சேர்த்துவிட்டது. நாம் பத்தாண்டு கழித்தும் 1953இன் விடுதியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கை முடக்குவதிலும் நிதானம் வேண்டும். இந்தோனேசியாவில் பணப்பரிமாற்றக் கண்காணிப்பு அமைப்பு, சூதாட்டத்துக்குப் பயன்படுகின்றன என்ற காரணத்தையும் சொல்லி நெடுநாள் அசையாத கணக்குகளை 2025இல் கூட்டமாக முடக்கியது. அவசரத்துக்கு வைத்திருந்த சேமிப்பை எடுக்க முடியாமல் சாதாரண மக்கள் கொதித்தார்கள், திறந்துவிட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு தாய்லாந்தில், கறைபட்ட பணம் வந்து விழுந்த கணக்குகள் முடக்கப்பட்டதும் சிறு வியாபாரிகள் கியூஆர் அட்டையை மறைத்துவிட்டு ரொக்கம் கேட்டார்கள். சூலியா தெருவில் மீ கோரெங் விற்கிறவருக்கு யார் எந்தப் பணத்தில் சாப்பிட்டார்கள் என்று எப்படித் தெரியும்? முடக்கினால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், காலவரம்பு வேண்டும், முறையிட ஓர் இடம் வேண்டும்.

பணவழியை அடைப்பதே வீண்வேலை, கிரிப்டோவுக்குப் போய்விடுவார்கள் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் கிரிப்டோ கணக்குத் திறந்து, நாணயம் வாங்கி, நீண்ட முகவரியைப் பிழையில்லாமல் பதிந்து அனுப்புவதற்குள் பாதிப் பேருக்கு வேகம் அடங்கிவிடும். இரவு ஒரு மணிக்கு விட்டதைப் பிடிக்கத் துடிக்கிறவருக்கு அந்தத் தாமதமே காப்பு. நம் வங்கிச் செயலிகளில் ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகையை நாமே குறைத்துவைக்க வசதி இருக்கிறது. குறைத்ததை மறுபடி உயர்த்த ஒரு முழு நாள் காத்திருக்க வேண்டும் என்று எல்லா வங்கிகளும் விதி வைத்தால், புதிய சட்டம் எதுவும் இல்லாமலே பல குடும்பங்கள் தப்பிக்கும். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்கள் காலத்திலிருந்து சூதாட்டத்துக்கு எதிராகப் பேசி வருகிறது. கோயில் நிர்வாகங்களும் பள்ளிவாசல் குழுக்களும் நமது சங்கங்களும் அதனோடு சேர்ந்து இந்த ஒரு கோரிக்கையை மட்டும் பேங்க் நெகாராவுக்கு எழுதலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையின் வங்கி அட்டை அவன் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். தொலைந்துவிட்டது என்றோ நண்பனிடம் இருக்கிறது என்றோ சொன்னால் அடிக்காதீர்கள், திட்டவும் வேண்டாம். நாளைக் காலையில் அவனையும் அழைத்துக்கொண்டு போய்ப் போலீசில் புகார் எழுதிக்கொடுத்து, அதன் நகலோடு வங்கிக்குச் சென்று அந்தக் கணக்கை மூடச் சொல்லுங்கள். அட்டையை யாரிடம் கொடுத்தான், எப்போது கொடுத்தான் என்பதை அவன் வாயாலேயே சொல்ல வைத்துப் புகாரில் சேருங்கள். விசாரணை அதிகாரி கேட்கும்போது அந்தத் தாள் அவன் கையில் இருக்க வேண்டும்.